பதினேழில் ஆள் இருக்கு

"மேடம், இந்த ஸ்கிரிப்ட் என்னைய உயிரோட விடாது போலிருக்கு," என்றார் சங்கரலிங்கம்.

"எத்தன தடவ ஓட்டுனிய?" என்றாள் ஜெசிந்தா.

"காலையில இருந்து ஆறு தடவ."

"ஆறு தடவையும்?"

"ஒரே இடத்துல படுத்துட்டு. பதினேழாவது மிஷின்ல."

"அப்போ ஏழாவது தடவ ஓட்டுங்க."

"எதுக்கு மேடம்?"

"ஆறு தடவ எதுக்கு ஓட்டுனியளோ, அதுக்குத்தான்."

சங்கரலிங்கத்துக்குச் சுருக்கென்றது.

*

இது தூத்துக்குடிக்குத் தெற்கே உள்ள ஒரு பாலிடெக்னிக்கில் நடந்தது.

சங்கரலிங்கம் எலக்ட்ரிக்கல் ஒர்க்‌ஷாப்பில் இருபத்தாறு வருஷம் இன்ஸ்ட்ரக்டராக இருந்தவர். போன வருஷம் கம்ப்யூட்டர் லேபுக்கு மாற்றிவிட்டார்கள். வயது ஐம்பத்துநாலு. ஓய்வு பெற இன்னும் ஆறு வருஷம் இருக்கிறது. சும்மா உட்கார்ந்து காலத்தை ஓட்டியிருக்கலாம். மனுஷனுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

நேராக சர்வர் அறைக்குப் போய், "எனக்கு இதைச் சொல்லித் தாங்க மேடம்," என்று சர்வரைக் கவனித்துக்கொள்ளும் ஜெசிந்தாவிடம் கேட்டார். ஜெசிந்தாவுக்கு வயது முப்பத்தொன்று. அவருடைய மூத்த மகளைவிட இரண்டு வயது இளையவள்.

"சொல்லித் தர மாட்டேன் அண்ணாச்சி. பக்கத்துல இருந்துக்கிடுங்க," என்றாள்.

அவள் அப்படித்தான். அடுத்தவர் கீபோர்டில் கை வைக்க மாட்டாள். விடையையும் சொல்ல மாட்டாள். வேலைக்கு வந்த புதிதில் மூன்று வருஷம் எல்லாருக்கும் சொல்லித்தான் பார்த்தாள். கேட்டுப் போனவர்கள் எல்லாரும் மறுநாள் அதே கேள்வியோடு, அதே காபி டம்ளரோடு வந்து நின்றார்கள். அதோடு நிறுத்திவிட்டாள். கல்லூரியில் பாதிப் பேருக்கு அவள் மேல் எரிச்சல். மீதிப் பேருக்குக் கடுங்கோபம்.

*

அன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை செய்முறைத் தேர்வு.

அறுபத்துநாலு பிள்ளைகள் எழுதுகிறார்கள். ஆளுக்கொரு கம்ப்யூட்டர் வேண்டும். கல்லூரியில் இருப்பதோ ஒரே ஒரு பெரிய சர்வர். லேபில் மேஜைக்கு மேஜை இருப்பது வெறும் திரையும் கீபோர்டும்தான். ஆகவே அந்த ஒரு சர்வருக்குள்ளேயே அறுபத்துநாலு பாவனைக் கம்ப்யூட்டர்களை உண்டாக்க வேண்டும். பாடப் புத்தகத்தில் அதற்கு நீளமாக ஒரு பெயர் இருக்கிறது. லேபில் எல்லாரும் மிஷின் என்பார்கள்.

மாலை நான்கு மணிக்குத் தேர்வு வாரியத்திலிருந்து அதிகாரி பார்க்க வருகிறார். அறுபத்துநாலும் ஓடினால் தேர்வு இங்கே. ஒன்று குறைந்தாலும் மையம் கோவில்பட்டிக்குப் போய்விடும். பிள்ளைகள் விடியுமுன் எழுந்து மூன்று பஸ் மாறிப் போக வேண்டும்.

போன வாரம் பிரேயரில் மைக்கைப் பிடித்து, "பரீட்சை நம்ம காலேஜ்லதான். ஒருத்தரும் கவலப்படாதீங்க. நான் பொறுப்பு," என்று சொன்னவர் சங்கரலிங்கம்தான். யாரும் அவரைச் சொல்லச் சொல்லவில்லை. மைக் கைக்குக் கிடைத்தது, சொல்லிவிட்டார். பிள்ளைகள் கைதட்டிய சத்தம் இன்னும் அவர் காதில் இருந்தது.

இப்போது மணி பத்து.

*

"ஸ்கிரிப்டை வாசிங்க," என்றாள் ஜெசிந்தா. "சத்தமா."

சர்வர் ஒவ்வொரு மிஷினுக்கும் என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிவரியாக எழுதிவைத்த பட்டியல்தான் ஸ்கிரிப்ட். சங்கரலிங்கம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"மொத வரி. மிஷினோட டிஸ்க்கை ஒரு ஃபோல்டர்ல மவுண்ட் பண்ணு."

மவுண்ட் என்றால் மாட்டுவது. டிஸ்க்கை ஒரு ஃபோல்டரில் மாட்டினால்தான் அதற்குள் கேள்வித்தாளை வைக்க முடியும். வைத்து முடித்ததும் கழற்ற வேண்டும். இவ்வளவுதான் சங்கதி. இந்த இவ்வளவுக்குத்தான் மனுஷன் காலையிலிருந்து சாகிறார்.

ஜெசிந்தா எழுந்து வெளியே போனாள். வராந்தாவில் ஆண்டு விழாவுக்கு வாங்கிய சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கியிருந்தன. ஒன்றைத் தூக்கிவந்து சர்வர் அறைக்குள் போட்டாள்.

"அடுத்த வரி?"

"அந்த டிஸ்க்குக்குள்ள சர்வரோட மூணு பாகத்தை மவுண்ட் பண்ணு. அது இருந்தாத்தான் உள்ள சாஃப்ட்வேர் ஏறும்."

"மூணு சேர் எடுத்துட்டு வாங்க."

"நானா?"

"மவுண்ட் பண்ணது நானா?"

சங்கரலிங்கம் மூன்று நாற்காலிகளைத் தூக்கிவந்து போட்டார்.

"அடுத்து?"

"கேள்வித்தாளை உள்ள காப்பி பண்ணு."

"அடுத்து?"

"மாட்டுன நாலையும் கழத்து."

"காப்பி ஆகலன்னா?"

"ஸ்கிரிப்ட் அங்கனயே நின்னுரும்."

"கழத்தச் சொல்லுத வரி எங்க இருக்கு?"

"அதுக்குக் கீழ."

"கீழ வரைக்கும் போச்சா?"

சங்கரலிங்கம் திரையில் அந்த வரியைத் தேடி விரலை வைத்தார்.

"சரி," என்றாள் ஜெசிந்தா. "ரெண்டாவது தடவ ஓட்டுனிய. நாலு சேர்."

"மேடம், மணி பத்தேகால்."

"நாலு சேர் அண்ணாச்சி."

*

ஆறு தடவை ஓட்டியதற்கு இருபத்துநாலு நாற்காலி.

"ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கலாமா?"

"கூடாது."

சர்வர் அறை பெரிய அறை அல்ல. பதினாறாவது நாற்காலியில் நடக்க வழி போயிற்று. இருபதாவதில் கதவு சாத்த முடியவில்லை. இருபத்துநாலாவது நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி மற்றவற்றைத் தாண்டிப் போன சங்கரலிங்கம் உள்மூலையில் மாட்டிக்கொண்டார். அதைக் கீழே வைக்க இடம் இல்லை.

வாசலில் முத்துப்பேச்சி வந்து நின்றார். கல்லூரியைக் கூட்டிப் பெருக்குகிறவர். வாய்க்குப் பூட்டு கிடையாது.

"என்னம்மா இது, கல்யாண வீடா? ஏசி காத்து பூரா வராந்தாவுல நிக்கி. இத யாரு எடுத்து வைக்க?"

"கொண்டாந்தது அண்ணாச்சிதான்," என்றாள் ஜெசிந்தா.

"அப்போ அவரே வைக்கட்டும். எனக்கு வேற சோலி இல்லையா?"

சங்கரலிங்கம் தன் பக்கத்தில் இருந்த நாற்காலியை ஒரு கையால் இழுத்தார். அது அடுத்ததில் மாட்டியது. அதை இழுத்தார். அது அதற்கடுத்ததில் மாட்டியது. முட்டியில் இடித்துக்கொண்டு, "சனியன்," என்றார்.

"மூலையில இருக்கதப் போட்டு இழுத்தா எப்படி சார் வரும்?" என்றார் முத்துப்பேச்சி. "வாசப்பக்கம் இருக்கதுல்லா மொதல்ல போவணும். கடைசியா வந்தத மொதல்ல எடுங்க. வாத்தியாரா இருந்துக்கிட்டு இதுகூடவா தெரியாது?"

சங்கரலிங்கம் தலைக்கு மேல் இருந்ததை முதலில் நீட்டினார். பிறகு வாசல் பக்கத்து நாற்காலிகளை ஒவ்வொன்றாக எட்டி எடுத்து முத்துப்பேச்சியிடம் நீட்டினார். பதின்மூன்று போனதும் அவருக்கு நடக்க வழி கிடைத்தது.

"மேடம்! வெளங்கிட்டு! பழசு பூரா உள்ளயே கெடக்கு. அதான் மூச்சு முட்டுது!"

கத்திக்கொண்டே வெளியே ஓடினார்.

பதினோரு நாற்காலி உள்ளேயே கிடந்தது.

"பாத்தியளா, பாதியில போட்டுட்டுப் போறாரு," என்றார் முத்துப்பேச்சி.

ஜெசிந்தா இரண்டு கையாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

*

பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வந்தார். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

"முடிஞ்சுது மேடம்."

"என்ன முடிஞ்சுது?"

"ஸ்கிரிப்டோட தலையிலயே ஒரு வரி போட்டுட்டேன். சர்வர்ல என்னென்ன மாட்டியிருக்கோ, எல்லாத்தையும் கழத்திக் கடாசு. அதுக்குப் பொறவு வேலையத் தொடங்கு."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். வர மாட்டேன்னா பலவந்தமா. ஓட்டியும் பாத்துட்டேன்."

மேஜைமேல் இருந்த ஃபோன் அடித்தது. ஜெசிந்தா எடுத்து, ஒரு நிமிஷம் கேட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் சங்கரலிங்கத்திடம் நீட்டினாள்.

நூலகத்திலிருந்து தங்கபுஷ்பம். அவர் பேசியது அறை முழுக்கக் கேட்டது. கம்ப்யூட்டரில் இருந்த பதினோராயிரம் புத்தகத்தின் பட்டியலும் காணவில்லையாம். எந்தப் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று தெரியவில்லையாம். வரிசையில் முப்பது பிள்ளைகள் நிற்கிறார்களாம். எந்த நாசமாய்ப்போனவன் செய்த வேலை என்று தெரிந்தாக வேண்டுமாம்.

"அஞ்சு நிமிஷம்மா," என்றார் சங்கரலிங்கம். ஃபோனை வைத்தார். காது சிவந்திருந்தது.

"நூலகத்து டிஸ்க்கும் இதே சர்வர்லதான் இருக்கு," என்றாள் ஜெசிந்தா.

"தெரியும் மேடம்."

"எப்போ தெரியும்?"

"இப்போ."

உட்கார்ந்து, நூலகத்து டிஸ்க்கை மறுபடி மாட்டினார். நான்கு நிமிஷம் ஆயிற்று. அந்த நான்கு நிமிஷமும் ஜெசிந்தா அவர் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாய் திறந்து திட்டியிருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும்.

*

"பலவந்தமா கழத்துனேன்னு சொன்னியளே. பழசு பூரா வந்துட்டா?" என்று கேட்டாள்.

"மொதல்ல வரல. உள்ள ஆள் இருக்கு, ஆள் இருக்குன்னே சர்வர் சொல்லிட்டு. பொறவு மேனுவலப் பாத்து இன்னொரு வழி கண்டுபிடிச்சேன். அதப் போட்டதும் டக்குனு போயிட்டு. பட்டியல்ல பேரே இல்ல."

ஜெசிந்தா மானிட்டர்மேல் போர்த்தியிருந்த துணியை உருவினாள். காலையிலிருந்து அறைக்குள்ளேயே கிடந்த பதினோரு நாற்காலியில் ஒன்றன்மேல் அதைப் போர்த்தினாள்.

"சேர் போயிட்டா?"

"துணிக்கு அடியில இருக்கு."

"கண்ணுக்குத் தெரியலையே."

"உக்காந்தா தெரியும் மேடம்," என்றார் சங்கரலிங்கம். சொன்ன பிறகு அவர் குரல் இறங்கிவிட்டது. "அப்போ அது கழறலையா?"

"உங்க ஸ்கிரிப்டோட கடைசி வரி என்ன?"

"ஃபோல்டரச் சுத்தமா அழிச்சிரு."

"டிஸ்க்கு கழறாம மாட்டிக்கிட்டே இருக்கு. அப்போ அந்த வரி ஓடுனா?"

சங்கரலிங்கம் யோசித்தார். ஃபோல்டருக்குள் டிஸ்க். டிஸ்க்குக்குள் சர்வரின் மூன்று பாகங்கள். அழி என்றால் அது உள்ளே இறங்கிக்கொண்டே போகும். எங்கே நிறுத்துவது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

ஓடிப்போய் அந்த வரியை எடுத்தார். திரும்பி வந்து நின்றார்.

"என்னால முடியல மேடம். வெளிப்படையாச் சொல்லுதேன். நாலு மணிக்கு ஆள் வந்துருவாரு. பிள்ளையள் மூஞ்சில எப்படி முழிப்பேன்? வாய் தொறந்து ஒரு வார்த்த சொன்னா உங்களுக்கு என்ன கொறஞ்சா போயிரும்?"

"ஒர்க்‌ஷாப்ல லைன்ல கை வைக்கதுக்கு முன்னால என்ன செய்விய?"

"நான் என்ன கேக்கேன், நீங்க என்ன கேக்கிய?"

"என்ன செய்விய அண்ணாச்சி?"

"ஃபியூஸ் கேரியரப் புடுங்கி என் பாக்கெட்ல போட்டுக்கிடுவேன்," என்றார் எரிச்சலோடு. "எல்லா எலக்ட்ரீசியனும் அதத்தான் செய்வான்."

"வேலைய முடிச்சிட்டுப் பொறுமையாப் புடுங்கினா என்ன?"

"புடுங்க ஆள் இருக்க மாட்டான்."

"பக்கத்து லைன் ஃபியூஸையும் சேத்துப் புடுங்குவியளா?"

"அது எதுக்கு? அதப் புடுங்குனவன் பாக்கெட்லல்லா அது இருக்கும்."

ஜெசிந்தா தன் திரைப் பக்கம் திரும்பி, தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தாள்.

சாப்பாட்டு மணி அடித்தது. பிள்ளைகள் சத்தத்தோடு வராந்தாவில் ஓடினார்கள். சங்கரலிங்கம் நின்ற இடத்திலேயே நின்றார். கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"மேடம்."

"ம்."

"கழத்துதத முன்னாலயே எழுதி வைக்கணும். மாட்டுத அன்னேரமே."

அவள் தலையைத் தூக்கவில்லை.

"நான் மாட்டுன நாலு மட்டும்தான். கடைசியில மாட்டுனது மொதல்ல."

"சேரை எடுத்து வச்சிட்டுப் போங்க," என்றாள்.

பதினொன்றையும் எடுத்து வைத்துவிட்டுப் போனார்.

*

சாப்பிடவில்லை. எழுதினார்.

ஸ்கிரிப்ட் எழுதுகிற ஷெல் மொழியில் ஒரு சொல் இருக்கிறது. 'நீ வேலையை முடித்துச் செத்தாலும் சரி, பாதியில் செத்தாலும் சரி, எவனாவது கொன்று செத்தாலும் சரி, சாகுமுன் இதைச் செய்துவிட்டுச் சா' என்று ஸ்கிரிப்டிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கும் சொல். அதை முதலில் எழுதினார். ஒன்றை மாட்டும்போதே அதன் பெயரைக் கழற்ற வேண்டியவற்றில் குறித்துக்கொள்ளும்படி செய்தார். கழறாத டிஸ்க்கோடு எந்த மிஷினும் கிளம்பக் கூடாது, அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும் என்றும் ஒரு வரி போட்டார்.

பதினேழு ஏன் படுத்தது என்பதும் தெரிந்தது. ஹால் டிக்கெட் பட்டியலில் பதினேழாவது வரி விட்டுப்போயிருந்தது. எண் இல்லை, அதனால் கேள்வித்தாள் இல்லை, அதனால் காப்பி இல்லை. சேர்க்க அரை நிமிஷம் ஆனது. இதற்காகவா ஆறு தடவை ஓட்டினோம் என்று அவருக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

துணிக்கு அடியில் கிடந்த நாற்காலி போலக் கண்ணுக்குத் தெரியாமல் மாட்டிக்கிடந்ததெல்லாம் ஒழிய, சர்வரையே ஒருமுறை நிறுத்தி ஓடவிட்டார். நூலகத்துக்கு முன்கூட்டியே ஃபோன் செய்து சொல்லிவிட்டுத்தான் நிறுத்தினார்.

"சோதிச்சியளா?" என்றாள் ஜெசிந்தா.

"சோதிச்சேன். பாதியில நானே கொன்னு பாத்தேன். நாலும் வரிசையாக் கழண்டுட்டு."

"அப்போ ஓட்டிவிட்டுட்டு இங்க வந்து உக்காருங்க. முறுக்கு இருக்கு."

மணி இரண்டு இருபது. ஒரு மிஷினுக்கு ஒரு நிமிஷம். அறுபத்துநாலு நிமிஷம்.

சங்கரலிங்கம் ஓட்டிவிட்டார். வந்து உட்கார்ந்தார். ஒரு முறுக்கை எடுத்தார். கடிக்காமல் மறுபடியும் வைத்தார்.

"அது பாட்டுக்கு ஓடும் அண்ணாச்சி."

"ஓடும். ஓடும். பதினேழ மட்டும் ஒரு பார்வ பாத்துட்டு வந்துருதேன். அத நம்ப முடியாது."

"நம்பாம என்ன செய்யப் போறிய?"

"பக்கத்துல நிக்கேன்."

போய்த் தன் திரையில் வலது பக்கம் இன்னொரு ஜன்னலைத் திறந்தார். பதினேழு மாட்டிய கணத்தில் அதன் ஃபோல்டருக்குள் நுழைந்தார். கேள்வித்தாள் வந்து இறங்கியதைக் கண்ணால் பார்த்தார். ஒரு நொடிக்கு ஒரு தடவை என்ன நடக்கிறது, என்ன நடக்கிறது என்று பட்டியல் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒழுங்காகக் கழறுகிறதா என்று பார்க்காமல் அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை என்று முடிவு செய்திருந்தார்.

இடது பக்க ஜன்னலில் வரி வந்தது. பதினாறு தயார்.

அடுத்த வரி வந்தது. பதினேழு: கழற்ற முடியவில்லை. ஆள் இருக்கு.

*

மூன்று இருபத்தைந்துக்கு அறுபத்துமூன்று மிஷின்கள் தயார். ஒன்று படுத்துக் கிடந்தது.

பதினேழை மட்டும் தனியாகக் கழற்றிப் பார்த்தார். ஆள் இருக்கு.

மறுபடியும் கழற்றினார். ஆள் இருக்கு.

எழுந்து நின்று கழற்றினார். ஆள் இருக்கு.

"எந்த ஆளு? எவன் அவன்?" என்று திரையைப் பார்த்துக் கத்தினார். "கழத்துதத முன்னாலயே எழுதியாச்சு. என் நாலத்தான் கழத்துதேன். வரிசையும் சரி. ஹால் டிக்கெட்டும் சரி. இதுக்கு மேல நான் என்னத்தச் செய்ய?"

ஜெசிந்தா அவர் திரையைப் பார்த்தாள். இடது ஜன்னலைப் பார்த்தாள். வலது ஜன்னலைப் பார்த்தாள். ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தாள்.

"லேப்ல எவனாவது பயல் உள்ள நுழைஞ்சிட்டானா?"

"லேப் பூட்டியிருக்கு."

"நூலகத்துல இருந்து அந்தம்மா எதையாவது அமுக்கிட்டாவளா?"

"அவிய டீ குடிக்கப் போயிருக்காவ."

"வைரஸா?"

ஜெசிந்தா அடுத்த முறுக்கை எடுத்தாள். சங்கரலிங்கம் மாறி மாறித் தட்டினார். இடது பக்கம் கழற்று என்பார். வலது பக்கம் போய்க் கழன்றதா என்று பார்ப்பார். கழன்றிருக்காது. பல்லைக் கடிப்பார். மறுபடி இடது பக்கம் வருவார். இப்படியே பதினைந்து நிமிஷம் போயிற்று.

முத்துப்பேச்சி வாசலில் தலையை நீட்டினார்.

"பிரின்ஸ்பால் சொல்லச் சொன்னாவ. வாரியத்து காரு முக்காணி ஊரத் தாண்டிட்டாம். எல்லாம் ஓடுதான்னு கேட்டாவ."

"ஓடுதுன்னு சொல்லு," என்றார் சங்கரலிங்கம்.

"ஓடுதா?"

"அறுவத்திமூணு ஓடுது."

"மொத்தம் எத்தன?"

"போம்மா!"

முத்துப்பேச்சி போய்விட்டார். அறுபத்துநாலு முகங்களும் கண்ணுக்கு முன்னால் வந்தன. பிள்ளைகள் திட்டக்கூட மாட்டார்கள். 'பரவாயில்ல சார்' என்பார்கள். அதை நினைத்தால்தான் அவருக்குத் தாங்கவில்லை.

"மேடம்," என்றார். "நான் தோத்துட்டேன். என்னால பதினேழக் கழத்த முடியல."

"ஆள் இருக்குன்னு அது உங்ககிட்ட எத்தன தடவ சொல்லிட்டு?"

"நாப்பது தடவ இருக்கும்."

"யாருன்னு ஒரு தடவயாவது கேட்டியளா?"

சங்கரலிங்கம் திரும்பினார்.

"கேக்கலாமா?"

"கேட்டாச் சொல்லும்."

கேட்கிற கட்டளை ஒன்று உண்டு. மேனுவலில் தேடி, இடது ஜன்னலில் எழுத்துக்கூட்டி அடித்தார். சர்வர் உடனே பதில் சொன்னது. பதினேழாம் ஃபோல்டருக்குள் ஒரே ஒரு ஆள். அந்த ஆளின் எண் இருபதாயிரத்து நானூற்றுப் பதினெட்டு. எண்ணுக்குப் பக்கத்தில் பெயரும் இருந்தது.

சங்கரலிங்கம் எண்ணை மட்டும் பார்த்தார்.

"சிக்கிட்டான்!" என்றார். "ஒத்த ஆளு. ஒத்த ஆளு நின்னுக்கிட்டு அறுவத்திநாலு பிள்ளையளக் கோவில்பட்டிக்கு அனுப்பப் பாக்கான்!"

"யாருன்னு பாத்துக்கிடுங்க அண்ணாச்சி."

"எவனா இருந்தா எனக்கென்ன? பாக்க நேரமில்ல. ஒழிஞ்சு போகட்டும்."

கொல் என்று அடித்தார். எண்ணை அடித்தார். மேஜை அதிர என்டரைக் குத்தினார்.

வலது பக்க ஜன்னல் மறைந்தது.

இரண்டரையிலிருந்து அவர் விழித்துப் பார்த்துக்கொண்டிருந்த ஜன்னல். அது இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. திரையின் நீல நிறம் மட்டும் இருந்தது.

சங்கரலிங்கம் அந்த நீலத்தையே பார்த்தார். பிறகு மெதுவாக இடது பக்கம் திரும்பி, எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த பெயரை வாசித்தார்.

வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கண்ணாடி இல்லாமலே கடைசியாக ஒருமுறை கழற்று என்று அடித்தார்.

பதினேழு தயார்.

வெளியே கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"போயிட்டாரா?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"போயிட்டாரு மேடம்."

"தெரிஞ்ச ஆளா?"

"அம்பத்திநாலு வருசப் பழக்கம்," என்றார் சங்கரலிங்கம்.